மடக்குக்கத்தியும் மடக்கெழுத்தாணியும்

(இறக்காமத்துப் பழைய மாணவன் ஒருவன்)

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டும் எனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபொழுது, “கத்தியைப்பற்றி எழுதலாமா?” என்று வினவியிருந்தேன். மலர்க் குழுவிலுள்ள நண்பர் சற்றே திடுக்கிட்டார் போலும். “மலர் மாணவர் கையிலும் சேரும், பேனாவைப்பற்றி எழுதினால் ஆகாதா?” என்று மறுமொழி வரைந்தார். யான் எழுதக் கருதியதும் ஏறக்குறையப் பேனாவைப் பற்றியதே. ஒரு காலத்திற் கற்றோர் தம் மடியில் வைத்துத் திரிந்த கருவியில் எழுதுகோலும் கத்தியும் ஒரே பிடிக்குள் மடங்கிக் கிடந்தன. இன்று அவ்விரண்டையும் வெவ்வேறு உலகத்தனவாக எண்ணுகிறோம். ஒன்றைக் கற்றவனுடைய அடையாளமாகவும், மற்றதைக் காடையனுடைய அடையாளமாகவும் கொள்கிறோம். இவ்வெண்ணம் பிழையானது என்பதும், இப்பிழையினால் எமது நாட்டுக் கொல்லரின் கைத்தொழில் ஒன்று கண்முன்னே மெலிந்து வருகின்றது என்பதுமே யான் ஈண்டுச் சொல்ல வந்தவை.

கைவினைஞரிடம் சொல்லிச் செய்வித்த மடக்குக்கத்திகளைத் தேடிச் சேர்ப்பதும், அவற்றுள் ஒன்றை நாடோறும் சட்டைப்பையில் வைத்திருப்பதும் மேனாடுகளிற் பலருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. கடல் கடந்து வாழும் எம்மவர் சிலரும், கல்முனைப் பக்கத்து இளைஞர் சிலரும் இதில் மனம் வைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். இதனைச் சிறுபிள்ளைத்தனம் என்பார் சிலர். ஆபத்து என்பார் பலர். இரண்டு கூற்றிலும் உண்மை சிறிது உண்டு. ஆயினும் அவற்றோடு விடயம் முடிந்துவிடவில்லை.

இறக்காமம் நெல்லும் குளமும் கூடிய ஊர். குளக்கட்டில் ஏறி நின்றால் ஒருபுறம் நீர்ப்பரப்பும் மறுபுறம் வயல் வட்டைகளும் தெரியும். வடகிழக்கே வயல்களைக் கடந்து சென்றாற் சம்மாந்துறை; அதற்கப்பாற் கடலோரத்திற் காரைதீவும் கல்முனையும். எனது மூத்தவாப்பா இவ்வூர் வட்டையில் வேளாண்மை செய்தவர். அவருடைய இடுப்பு வாரில் மடக்குக்கத்தியொன்று எந்நேரமும் இருக்கும். விரித்தால் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அலகு, பழைய லொறியொன்றின் வில்லுத் தகட்டிலிருந்து அடித்தெடுத்தது. பிடி எருமைக் கொம்பு. பிடியின் ஒரு பக்கத்திற் பித்தளையாற் சிறிய பிறையொன்று பதித்திருந்தது. அதனைச் செய்தவர் அயலூரில் இருந்த ஓர் இந்துக் கொல்லர். பிறை வேண்டும் என்று மூத்தவாப்பா கேட்கவில்லையாம். “போடியார் கையில் இருக்கப்போகும் பொருள்” என்று சொல்லி, அக்கொல்லர் தாமே பதித்துக் கொடுத்தாராம்.

அக்கத்தி செய்யாத வேலையில்லை. களவெட்டியிற் சூடடிக்கும் நாளிற் கயிறு அறுக்கும், சாக்கின் வாயைப் பிரிக்கும், பாக்குச் சீவும், மாட்டின் குளம்பில் ஏறிய முள்ளை எடுக்கும். மாலையானதும் ஓதற்பள்ளி லெப்பை அதனை இரவல் வாங்குவார். பலகையில் எழுதுவதற்குரிய நாணற் கலத்தை அதனாலேயே சீவித் தருவார். கலம் என்பது எழுதுகோலைக் குறிக்கும் அரபுச் சொல். நாணலின் நுனியைச் சரிவாகச் சீவி, நடுவே மயிரிழை போற் பிளந்தாலன்றி மை ஒழுங்காக இறங்காது. அந்த ஒரு வெட்டுப் பிழைத்தால் எழுத்து முழுவதும் பிழைக்கும். ஆதலினால் லெப்பை அக்கத்தியை எம்மிடம் தரமாட்டார். “கத்தி பிடிக்கத் தெரிந்த பிறகு கலம் பிடிக்கலாம்” என்பார்.

காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளின் (1892–1947) கல்விப்பணியைக் கண்ட தலைமுறையினராதலின், என்னை இந்துக் கல்லூரி விடுதிக்கு அனுப்புவதில் எமது வீட்டார்க்கு மனத்தடை எதுவும் இருக்கவில்லை. விடுதியில் யான் கண்ட முதற் கலைமகள் விழாவன்று, நூல்களும் பேனாக்களும் அடுக்கப்பட்டிருந்த பீடத்தில், எமது தமிழாசிரியராகிய பண்டிதர் தம் மடியிலிருந்து கொம்புப் பிடியொன்றை எடுத்து வைத்தார். கதவோரத்தில் நின்ற யான், மூத்தவாப்பாவின் கத்தி இங்கு எவ்வாறு வந்தது என மலைத்தேன். விழா முடிந்தபின் அவர் என்னை அழைத்து அதனை விரித்துக் காட்டினார். ஒரு முனையிற் கத்தி. மறுமுனையிற் கூரிய எழுத்தாணி.

“என் பாட்டனாருடைய மடக்கெழுத்தாணி. கத்தி, ஓலையை வாருவதற்கு, ஆணி, எழுதுவதற்கு. உமது ஊரிலும் இப்படியுண்டோ?” என்று கேட்டார்.

“கத்தி உண்டு, ஐயா, ஆணி இல்லை. நாணலால் எழுதுவோம்” என்றேன்.

“அப்படியானாற் கத்தி இருவர்க்கும் பொது” என்று சொல்லிச் சிரித்தார்.

அச்சொல்லை யான் மறந்ததில்லை.

மடக்கெழுத்தாணி எம் முன்னோர்க்குப் புதுமையன்று. டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855–1942) ஆனந்த விகடனில் 1940 முதல் எழுதிவந்த ‘என் சரித்திரம்’ என்னும் நூலில், தம் இளமைக்காலத்து எழுத்துக் கருவிகளைச் சொல்லுமிடத்துக் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என மூவகை கூறுகின்றார். குண்டெழுத்தாணி தலை கனத்தது. வழக்கமாகப் பலரும் கையாண்டது. வாரெழுத்தாணி நீண்டது; மேற்பக்கத்திற் கத்தி அமைந்தது. மூன்றாவதாகிய மடக்கெழுத்தாணியில் ஆணியும் கத்தியும் ஆகிய இரண்டும் மரத்தாலோ கொம்பாலோ தந்தத்தாலோ ஆன பிடிக்குள் மடங்கி அடங்கும். ஊர் ஊராகச் சென்று ஏடு பெயர்த்தெழுதியோர்க்கு இத்தகைய கருவி எத்துணை உதவியாயிருந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. ஓலையை அளவாக நறுக்குதல், ஓரத்தைச் செப்பஞ் செய்தல், கூரிய ஆணியால் எழுத்தைக் கீறுதல் ஆகிய மூன்றும் ஒரே கைக்குள் முடிந்தன. நாவலர் பெருமானும் தாமோதரம்பிள்ளையவர்களும் அச்சேற்றிய பழந்தமிழ் நூல்களை அச்சுக்காலம் வரையில் எம்மிடம் கொண்டுவந்து சேர்த்தவை இவ்வோலைகளே. அவ்வோலைகளை வாரிய கத்திகளை நினைப்பார் இல்லை.

இது தமிழர்க்கு மட்டும் உரிய கதையுமன்று. துருக்கிய உதுமானியப் பேரரசிற் கலஞ் சீவும் கத்தி செய்தல் தனித்தவொரு நுண்டொழிலாக வளர்ந்தது. செய்தவர் தம் முத்திரையை அலகிற் பொறித்தனர். அவர்தம் கத்திகள் இன்று அரும்பொருட்சாலைகளிற் பேணப்படுகின்றன. ஆங்கிலேயர் பறவையின் இறகைச் சீவி எழுதிய காலத்தில், அவ்விறகைச் சீவுவதற்கு வைத்திருந்த சிறு கத்தியே பேனாக்கத்தி எனப் பெயர் பெற்றது. உருக்கு முனைகள் வந்து இறகுப் பேனா மறைந்த பின்னரும் பெயர் மாறவில்லை. ஓலை, நாணல், இறகு என்ற மூன்றும் மூன்று நாட்டுக் கல்விக்கு அடையாளமாயின. மூன்றின் அருகிலும் ஒரு சிறு கத்தி இருந்தது.

இனி, கையாற் செய்த மடக்குக்கத்தியிற் சேர்த்துவைக்கத்தக்க சிறப்பு யாது எனக் கேட்போர்க்கு அதன் அமைப்பைச் சிறிது சொல்லுதல் வேண்டும். நேர்க்கத்தி ஒரு துண்டு இரும்பு. மடக்குக்கத்தியோ ஒரு சிறு பொறி. அலகு ஓர் அச்சாணியிற் சுழலவேண்டும். விரிந்து நிற்கும்பொழுது அசையலாகாது. மடங்கிய பின் வெட்டுவாய் பிடியின் சுவரை உரசலாகாது. எளிய கத்திகளில் அச்சாணியின் இறுக்கம் ஒன்றே அலகைப் பிடித்து நிறுத்தும். அடுத்த வகையிற் பிடியின் முதுகில் ஒரு வில் அமைந்து, அலகின் அடியை அழுத்திக்கொண்டிருக்கும். பிரான்சு நாட்டுச் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்திக்கு, 1955இல் சுழலும் வளையப் பூட்டொன்று சேர்க்கப்பட்டது. அமெரிக்காவிற் கைவினைக் கத்தியாளர் 1970இல் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். அந்நாட்டு மைக்கேல் வாக்கர் 1980களிற் செம்மைப்படுத்திய உள்தகட்டுப் பூட்டை இன்று உலகெங்குமுள்ள ஆலைகள் பின்பற்றுகின்றன. ஒரு கைவினைஞன் தன் மேசையிற் கண்ட நுட்பம் ஆலைகளுக்கு வழிகாட்டியது என்பது கருதத்தக்கது.

உருக்கைப் பக்குவப்படுத்துதல் இன்னும் நுண்ணியது. கொல்லர் அலகை உலையிற் செந்தணலாகக் காய்ச்சுவார். காந்தம் அதனைப் பற்றாது விடும் நிலை ஏறக்குறைய 770 பாகை. அதற்குச் சற்று மேலே சென்றதும் எண்ணெயில் தோய்ப்பார். அப்பொழுது அது கண்ணாடி போற் கடினமாகும், விழுந்தால் உடையும். ஆதலின் அதனைத் துலக்கி மீளவும் மெல்லச் சூடாக்குவார். அலகின் மேல் வைக்கோல் நிறம் படர்ந்ததும் நிறுத்திவிடுதல் வேண்டும். முதுகு வில்லுக்கோ அந்நிறம் போதாது. நீலம் வரும்வரை விடுதல் வேண்டும். அலகு கூரைக் காக்கவேண்டியது. வில் வளைந்து நிமிரவேண்டியது. ஒரே தகட்டிலிருந்து எடுத்த இரண்டு துண்டுகளுக்கு இரண்டு விதமான பக்குவம். வெப்பமானியில்லாத கம்மாலையில் இவ்வளவையும் கண் ஒன்றே அளக்கின்றது. அத்தகைய கண் ஒன்று உருவாக எத்தனை ஆண்டுகள் செல்லும் என்பதை எண்ணிப்பார்த்தால், அக்கத்தியின் விலை மிகையென்று எவரும் சொல்லமாட்டார்.

இத்துணைச் சிறப்புடைய கைத்தொழில் நலிவதற்கு ஆலைப்பொருளின் மலிவு ஒரு காரணம். அச்சம் மற்றொரு காரணம். அச்சத்தைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்லவேண்டும்.

யப்பானில் மிகி என்னும் நகரிற் செய்யப்படும் ஹிகோனோகாமி என்ற மடக்குக்கத்தி, ஒரு காலத்தில் அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் சீவும் கருவி. 1960 ஒக்டோபர் 12ஆம் நாள், தோக்கியோவிற் பொதுமேடையிற் பேசிக்கொண்டிருந்த சோஷலிசக் கட்சித் தலைவர் இனெஜிரோ அசனுமாவை, 17 வயது இளைஞன் ஒருவன் குத்திக் கொன்றான். அதன்பின் பிள்ளைகள் கையிற் கத்தியே இருத்தலாகாது என்ற இயக்கம் நாடெங்கும் பரவியது. அவ்விளைஞன் ஏந்தியது பழங்காலக் குறுவாள். தண்டனை பென்சில் சீவும் கத்திக்குக் கிடைத்தது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. இன்று அப்பெயரைப் பொறித்துச் செய்யும் உரிமையுடன் எஞ்சியிருப்பது ஒரு பட்டறையே.

இந்தியாவில் உத்தரப் பிரதேசத்து இராம்பூர், நவாபுகள் காலந்தொட்டு மடக்குக்கத்திக்குப் பெயர்போன நகர். பித்தளைப் பிடியில் நுண்ணிய வேலைப்பாடு செய்யும் குடும்பங்கள் அங்கு இருந்தன. இந்தித் திரைப்படங்கள் அக்கத்தியைக் காடையர் கையிற் கொடுத்துக் காட்டின. பின்னர் அலகின் நீளத்துக்குச் சட்டக் கட்டுப்பாடும் வந்தது. தொழில் தேய்ந்தது. 2023ஆம் ஆண்டு அந்நகரத்து நாற்சந்தியொன்றில் 6 மீற்றருக்கு மேற்பட்ட பெருங்கத்தியொன்று நினைவுச் சின்னமாக நிறுத்தப்பட்டது. சிறு கத்திக்கு வேலையில்லாது போன ஊரிற் பெருங்கத்தி எழுந்து நிற்கிறது. சின்னம் நாட்டுவது தொழிலைக் காப்பதாகாது.

எமது நாட்டுக்கு வருவோம். 2019 ஏப்ரல் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறன்று நிகழ்ந்த கொடுமையையும், ஐந்து நாட்களின் பின் சாய்ந்தமருதில் நடந்தவற்றையும் அறியாதார் இலர். மே மாதத் தொடக்கத்தில், வாள்களையும் பெருங்கத்திகளையும் பொதுமக்கள் ஒப்படைக்கவேண்டும் என அறிவித்தல் வந்தது. அன்றாட வேலைக்குரிய கத்திகள் அதிற் சேரா என்பதும் சொல்லப்பட்டது. அவ்வறிவித்தலில் யான் குறை காணவில்லை. ஆயினும் அச்சங்கொண்ட மனம் விதிவிலக்கைப் படிப்பதில்லை. யான் அவ்வேளை ஊரில் இல்லை. எனது தம்பியின் மகன் வீட்டிலிருந்த கத்திகளையெல்லாம் ஒரு சாக்கிலிட்டு, இரவோடிரவாகக் குளத்தில் அமிழ்த்திவிட்டான். மூத்தவாப்பாவின் மடக்குக்கத்தியும் அச்சாக்கினுள் இருந்தது.

“பாக்குச் சீவுகிற கத்திதானே மகன்!” என்றேன்.

“பிடியில் பிறை இருந்ததே, பெரியப்பா” என்றான்.

யான் வாய்திறக்கவில்லை. ஓர் இந்துக் கொல்லர் அன்பினாற் பதித்த பிறை, அறுபது ஆண்டுகளின் பின் எமது வீட்டிலேயே அச்சத்துக்குரிய குறியாகிவிட்டது. அப்பிள்ளையை யான் குற்றஞ்சொல்லவில்லை. அவ்விரவிற் பிறையை அவ்வாறு படித்தவன் அவன் ஒருவனல்லன். ஆயினும் அன்று குளத்தில் அமிழ்ந்தது இரும்பு மட்டுமன்று என்பதை இன்றளவும் உணர்கிறேன்.

அடுத்த ஆண்டுகளில் அக்கொல்லரின் குடும்பத்தைத் தேடினேன். 1990ஆம் ஆண்டுக் கலவரங்களில் அவர்கள் தம் ஊரை விட்டுக் கடலோரத்துக்குப் பெயர்ந்திருந்தனர். மகன் கம்மாலை வைத்திருந்தார். அரிவாளுக்குக் கூர்வைப்பதும், உழவு இயந்திரத்தின் உடைந்த பாகங்களை ஒட்டுவதுமே அவருடைய அன்றாட வேலை. யான் கத்தியின் அமைப்பைத் தாளில் வரைந்து காட்டினேன். அவர் வரைபடத்தைப் பாராமல் என் முகத்தைப் பார்த்தார்.

“இது அப்பாவுடைய வேலை, சேர். பக்கத்தில் இருந்து துருத்தி ஊதியிருக்கிறேன். சொல்லிச் செய்விக்க ஆள் வந்து இருபது வருடமாயிற்று” என்றார்.

மூன்று வாரங்கள் சென்றன. முதற் கத்தியின் வில் உடைந்தது. நீலம் வருமுன் எடுத்துவிட்டதாகத் தாமே ஒப்புக்கொண்டார். இரண்டாவது நன்றாக அமைந்தது. கூலி, நல்லதொரு சாரமும் சேட்டும் வாங்கும் அளவுதான். பிடியை இழைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, “பிறை வைக்கவா, சேர்?” என்று மெல்லக் கேட்டார். தந்தையார் பதித்தது அவருக்கு நினைவிருந்தது. “வையுங்கள்” என்றேன். அவர் மகன் அவ்வேளை அங்கு நின்றான், துருத்தியைத் தொடவில்லை, ஆயினும் உலையருகில் வந்து நிறத்தைப் பார்த்தான். அது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று யான் தெளிந்த கருத்து இதுவே: கைவினைக் கத்தியைக் காப்பது கண்ணாடிப் பேழையன்று, சொல்லிச் செய்விப்பார் இருந்தாற்றான் செய்வார் இருப்பர். பழையதை விலைகொடுத்து வாங்கிப் பூட்டிவைப்பவன் வியாபாரிக்கு உதவுகிறான். புதியதைச் செய்விப்பவனே கொல்லனுக்கு உதவுகிறான். செய்வித்ததை நாளும் எடுத்தாள்பவன் இன்னும் ஒருபடி மேலானவன். கூர் மழுங்கினால் அவன் மீண்டும் கம்மாலைக்குச் செல்லவேண்டியவனாகின்றான்.

இக்கருத்தை எமக்கு முன்னரே ஒளவையார் உணர்த்திவிட்டார். சாமிநாதையர் 1894இல் அச்சேற்றிய புறநானூற்றின் 95ஆம் பாட்டு, அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஒளவையின் வாக்கு. தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவல்மனையிற் பளபளத்திருந்தன. அதியமானுடையவையோ நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்திற் கிடந்தன. புகழ்வதுபோற் பழித்தும், பழிப்பதுபோற் புகழ்ந்தும் ஒளவையார் உரைத்ததன் பொருளை மாணவர் அறிவர். போரைப்பற்றிய அப்பாட்டைச் சேகரிப்புக்கும் யான் பொருத்திக் கொள்கிறேன். பேழையில் மின்னும் கத்தியினும் கொல்லன் வீட்டுக்குச் சென்று மீளும் கத்தியே உயிருடையது.

சேர்த்து வைப்பதே வீண் என்று சொல்ல யான் துணியவில்லை. கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி (1877–1947) 1908இல் வெளியிட்ட ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல் இல்லையேல், கண்டி நாட்டுக் கம்மியர் செய்த வெள்ளிப் பதிப்புக் கத்திகளின் அருமையை நம்மிற் பலர் அறிந்திரார். பிஹா-கெத்த எனப்படும் அவை மடக்குக்கத்திகள் அல்ல. ஆயினும் அவற்றிற் பொன்னும் வெள்ளியும் பித்தளையும் இரும்போடு இழைந்த அழகுக்கு ஈடு அரிது. அவற்றுட் சிறந்தவை பல இலண்டன் அரும்பொருட்சாலைகளுக்குச் சென்றுவிட்டன. பேழையினருகே எழுதிய சிறு பலகை ஊரைச் சொல்லும், நூற்றாண்டைச் சொல்லும், செய்தவன் பெயரைப் பெரும்பாலும் சொல்லாது. எமது சேகரிப்பில் இக்குறை நேராதிருத்தல் வேண்டும். ஒரு கத்தியை வாங்குவோர் செய்தவரின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை அலகிலோ ஏட்டிலோ எழுதிவைத்தல் தலையாய கடமை.

உடன் கொண்டு திரிதலைப் பற்றி மாணவர்க்கும் இளைஞர்க்கும் ஒளிவின்றிச் சொல்லவேண்டும். கத்தியால் உயிர் போகும், போயுமிருக்கிறது. இதனை மறைத்து ஒரு வாதம் செய்தல் நேர்மையாகாது. ஆயினும் மடக்குக்கத்திகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. விசையைத் தொட்டதும் கண்ணிமைக்கும் பொழுதில் அலகு பாயும் கத்தியைச் செய்வதையும் விற்பதையும் பிரித்தானியா 1959ஆம் ஆண்டிலேயே தடைசெய்தது. அத்தகைய கத்தியின் நோக்கம் விரைவு. பாக்குக்கும் கயிற்றுக்கும் பென்சிலுக்கும் விரைவு எதற்கு? மூத்தவாப்பாவின் கத்தியைத் திறக்க இரண்டு கைகளும் வேண்டும். நகத்தை அலகின் பள்ளத்தில் வைத்து இழுக்கவேண்டும். அதற்குச் செல்லும் அச்சிறு பொழுதிற் கோபமும் ஆறிவிடும். இப்பொழுது போர்வீரர் கோலத்தில் விளம்பரப்படுத்தி, ஒரு கையால் உதறித் திறக்கும் கத்திகளை இளைஞர் விரும்பி வாங்குகின்றனர். அவை எவ்வளவு நுட்பமாகச் செய்யப்பட்டிருப்பினும், அவ்விருப்பத்தை யான் ஆதரிக்கவில்லை. கத்தியைக் காட்டி மகிழ்பவன் அதனைக் கொண்டு திரிவதற்குத் தகுதியில்லாதவன்.

சட்டமும் அறிந்திருத்தல் வேண்டும். இலண்டனில் வாழும் எமது பழைய மாணவர் நினைவிற்கொள்க: 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகுந்த காரணமின்றிப் பொதுவிடத்திற் கத்தி வைத்திருத்தல் அங்கு குற்றம். வெட்டுவாய் 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக்கத்திக்கு மட்டும் விலக்குண்டு. விரிந்த நிலையிற் பூட்டிக்கொள்ளும் கத்திக்கு அவ்விலக்கு இல்லை. நாட்டுக்கு நாடு விதி வேறுபடும். விமானத்திற் செல்வோர் கைப்பையில் வைத்து அவமானமடையாதிருப்பாராக. பள்ளிக்கூடம், வழிபாட்டிடம், பொதுக்கூட்டம் ஆகிய இடங்களுக்கு எவ்வகைக் கத்தியும் வேண்டாம். மாணவராயிருப்போர் கத்தியை வீட்டில் விட்டே வரவேண்டும். வயலுக்கும் தோட்டத்துக்கும் செல்லும் நாளில் அது தன் கடனைச் செய்யும். மடங்கியிருப்பதே அக்கருவியின் இயல்பு நிலை. வேலை வந்தால் விரிந்து, வேலை முடிந்தால் அடங்கும். அதனை வைத்திருப்போர்க்கும் அவ்வியல்பு வேண்டும்.

இறுதியாகப் பழைய மாணவர் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பரிசளிப்பு விழாவுக்கெனக் கடையிற் பித்தளைக் கேடயங்கள் வாங்குகிறோம். அவை சில ஆண்டுகளிற் கறுத்து அலமாரியின் மேல் ஏறிவிடுகின்றன. அப்பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, ஆண்டுக்கொரு மடக்கெழுத்தாணியை வடக்கிலோ கிழக்கிலோ உள்ள ஒரு கொல்லரிடம் சொல்லிச் செய்விப்போமாக. அதில் அவர் பெயரும் ஆண்டும் பொறிக்கப்படுக. அது கல்லூரி நூலகத்தில், ஏட்டுச் சுவடிகளின் அருகே, நூலகர் பொறுப்பிற் பூட்டியிருக்கட்டும். விசயதசமியன்று ஏடு தொடக்கும் வேளையில் ஆசிரியர் அதனை வெளியே எடுத்து, ஓலையை வாரி, முதலெழுத்தைக் கீறிக் காட்டட்டும். மழுங்கினால் செய்தவரிடமே செல்லட்டும். பத்தாண்டு சென்றால் கல்லூரிக்குப் பத்துக் கருவிகள் சேரும். கொல்லர் பதின்மர்க்கு வேலை கிடைத்திருக்கும். அவர்தம் மக்களுள் ஒருவனாவது உலையருகில் வந்து நிறத்தைப் பார்த்திருப்பான்.

முதற் கருவிக்குரிய செலவை யானே ஏற்கச் சித்தமாயிருக்கிறேன். கடலோரத்து அக்கொல்லரிடம் பேசியும் விட்டேன். “கத்தி ஒரு பக்கம், எழுத்தாணி ஒரு பக்கமா? அப்பாவும் செய்யாத வேலை” என்று சற்றுத் தயங்கினார். பின்னர், வரைபடத்தை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். சங்கத்தாரின் மறுமொழியை எதிர்பார்த்திருக்கிறேன்.